ஏழாம் நம்பர் கிடாய்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் மளிகைச் சீட்டு எழுதவும், பிள்ளைகளின் மார்க்கு அட்டையில் கையெழுத்துப் போடவும்தான். எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொண்ணு, படிக்க வருகிற எல்லாரும் ஆளுக்கு ஒரு மனிதரைப் பற்றி எழுதிக் கொடுங்கள், சின்னப் புத்தகமாகப் போடுவோம் என்றது. நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் வந்துவிடுகிறவள். என்னிடமும் தாளைக் கொடுத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. எழுத்து கோணலாக இருக்கும். மாதமும் கிழமையும் மாறிப்போயிருக்கும். முந்தி நடந்தது பிந்தி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதப்போவது ஒரு டாக்டரம்மாவைப் பற்றி. மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவர் இல்லை. மாட்டு டாக்டருக்குப் படித்தவர்தான், ஆனால் ஊசி போடுகிறவரும் இல்லை. கால்நடைக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, ஆடு மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராய்ச்சி செய்தவர். பேரை எழுதவில்லை. அவருக்கு நான் ஒரு கெடுதல் செய்திருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் அவர் அதைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் சொல்ல முடியவில்லை. முதலில் அவர் கையைச் சொல்கிறேன்.

அவர் கை எப்போதும் வெடித்துக் கிடக்கும். களை எடுத்து, சாணி அள்ளி, விறகு ஒடித்த என் கையே தேவலை. சோப்புப் போட்டுக் கழுவுவார், ஸ்பிரிட் ஊற்றித் தேய்ப்பார், மறுபடியும் கழுவுவார். ஓர் ஆட்டைத் தொட்ட ரப்பர் உறையோடு அடுத்த ஆட்டைத் தொட மாட்டார். எங்கள் வீட்டில் பத்து ஆடு. பத்துக்கும் பத்து ஜோடி உறை.

"மாப்பிள்ளைக்குக்கூட நாங்க இம்புட்டு மரியாதை பண்ணலை டாக்டரம்மா" என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார்.

"மாப்பிள்ளை புழுக்கை கொடுக்க மாட்டாரேண்ணே" என்பார் அவர். குனிந்த தலை நிமிராமல்தான் சொல்லுவார்.

எங்கள் ஊர் கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா ஜீப்பை நிறுத்தி, "உங்க ஆடு என்ன திங்குது?" என்று கேட்டாராம். "இருக்கிறதைத் திங்குது" என்றாராம் இவர். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போய், அப்படியே வீடு வரைக்கும் வந்துவிட்டார். கருவேல நெற்றையும் காய்ந்த சருகையும் தின்றுவிட்டு எங்கள் ஆடுகள் எப்படிக் கொழுகொழுவென்று நிற்கின்றன, அதுதான் அவருக்குத் தெரியவேண்டியது.

"ஆட்டு வயிறு ஒரு பெரிய வீடுக்கா. உள்ள கோடிக்கணக்குல குடித்தனம் இருக்காக. அவுகதான் சருகை நொதிக்க வச்சு ஆட்டுக்குச் சோறாக்கித் தாராக. யாரு யாரு குடியிருக்காக, வெயிலுக்கு யாரு காலி பண்ணிப் போறாக, மழைக்கு யாரு வாராகன்னு பேர் எழுதுறதுதான் என் வேலை."

"எங்க பக்கத்துல பெரிய வீடு அம்புட்டும் குடியிருக்க ஆளில்லாம காவக்காரரை வச்சுப் பூட்டிக் கெடக்கு. ஆட்டு வயித்துலயா இம்புட்டுச் சனம்?" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். தேவகோட்டைப் பக்கத்து ஆள் அவர். அதனால் நாங்கள் சொல்வது எதுவும் அவருக்கு விளங்காமல் போனதில்லை.

மூன்று வருடம், மாதம் ஒரு தடவை வந்து பத்து ஆட்டிடமும் புழுக்கை எடுத்துச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. எந்தக் குழாய் எந்த ஆடு என்று தெரிய வேண்டுமே. மற்றவர்கள் காதில் மஞ்சள் வில்லை குத்துவார்களாம். இவர் வேண்டாம் என்றார். "காது குத்துனா புண்ணாகும், புண்ணானா மருந்து போடணும். மருந்து போட்டா உள்ள இருக்கிற குடித்தனம் கலைஞ்சுபோகும்." பத்துக் கயிற்றில் பத்துத் தகர வில்லை, ஒன்று முதல் பத்து வரை எண் அடித்துக் கொண்டுவந்து கழுத்தில் கட்டினார். கட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கயிறு அறுந்து விழுந்தாலும் எது எதுன்னு உங்களுக்குத் தெரியும்லக்கா? எதையும் வித்துறாதீக, மாத்திறாதீக. மூணு வருசம் என் கண்ணு மாதிரி பாத்துக்கங்க."

நான் தலையாட்டினேன். அந்தக் கை சொரசொரவென்று என் கையில் உரசியது இப்போதும் தெரிகிறது.

அவருடைய குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். எது கோளாறு ஆனாலும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

ஒரு தடவை அவர் வந்துபோன மறுநாள் எங்கள் வீட்டுத் தயிர் கெட்டுப்போய், கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. பக்கத்து வீட்டு அக்கா, "புழுக்கை டாக்டரு வந்துட்டுப் போனா தயிரா உறையும்?" என்று கேலி பேசியது. அடுத்த மாதம் நான் இதைச் சிரிப்புக்காகச் சொன்னேன். நான் சிரிப்புக்குச் சொல்லுகிற ஆளே இல்லை, என்னமோ அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துபோனது.

"சட்டியை நான் தொட்டேனாக்கா? உறையோட தொட்டேனா, கழுவுன கையோடயா?"

"ஐயோ டாக்டரம்மா, நீங்க அடுப்படிக்கே வரலையே."

"மோர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்ல, அதை எங்க வச்சீக?"

அடுப்படிக்குள் வந்து செம்பு இருந்த இடம், சட்டி இருந்த இடம் எல்லாம் பார்த்தார். கெட்ட தயிர் கொஞ்சம் கிடைக்குமா என்றார். ஒரு மாதமாகவா வைத்திருப்பேன்? கடைசியில், "உறை மோர் எங்க வாங்குனீக?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், கேலி பேசிய அந்த அக்கா வீட்டில்தான் வாங்கியிருந்தேன். போய்க் கேட்டால், அவர்கள் வீட்டுத் தயிரும் அந்த வாரம் முழுக்க நூலாகத்தான் இழுத்ததாம். அந்த அக்கா அதை வெளியில் சொல்லவில்லை.

"அப்பாடா" என்றார் டாக்டரம்மா. பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது முகம். தலைவலி விட்டது போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இரண்டாம் செம்பு மோர் வாங்கிக் குடித்தார்.

இன்னொரு தடவை, மழை. ஐஸ் உருகி, குழாய்களின் மேல் எழுதியிருந்த எண்ணில் இரண்டு அழிந்துபோயிற்று. ஜீப் ஓட்டுகிற டிரைவர் தம்பி, "வரிசையாத்தானம்மா அடுக்குனீக? மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்கிறது நாலாத்தான இருக்கும். எனக்கே தெரியுது" என்றாராம். அவர் கேட்கவில்லை. பத்துக் குழாயையும் கொட்டிவிட்டார். மறுநாள் கல்லூரியில் ஜீப் கொடுக்கவில்லை என்று ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கண்டக்டரு பெட்டியில மீனான்னு கேட்டாருக்கா."

"என்ன சொன்னீக?"

"ஆட்டுப் புழுக்கை எடுக்கப் போறேன்னேன். அதுக்கப்புறம் என் சீட்டுப் பக்கமே வரலை."

"அதுக்காக பத்தையுமா கொட்டுவீக? ரெண்டுதான அழிஞ்சுச்சு?"

"பேனா என்னோடது. ரெண்டுல அழிஞ்ச பேனா மத்த எட்டுல சரியா எழுதுச்சுன்னு நான் எப்படி நம்புறது?"

அவர் பேச்சில் ஏதோ இடிக்கிறது என்று பட்டது. எடுத்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை.

ஆடு புழுக்கை போடும் வரைக்கும் காத்துக்கொண்டிருக்கும்போது தன் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லுவார். கல்லூரியில் சும்மா பாடம் நடத்தினால் மட்டும் மேலே ஏற்ற மாட்டார்களாம். கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுத வேண்டும், அது பெரிய பெரிய பத்திரிகைகளில் வரவேண்டும். மற்றவர்கள் வருடத்துக்கு நாலு எழுதினால் இவர் இரண்டு வருடத்துக்கு ஒன்று எழுதுவார். டிரைவர் தம்பி என்னிடம் தனியாக, "எங்கம்மாகிட்ட படிச்சவகல்லாம் எங்கம்மாவுக்கே மேலதிகாரியா வந்துட்டாக. இவுக இன்னும் குழாயைக் கழுவிக்கிட்டு இருக்காக" என்று வருத்தப்படுவார்.

எங்கள் ஆட்டு ஆராய்ச்சிதான் அவர் வாழ்க்கையிலேயே பெரியது. "இது மட்டும் சரியா வந்துருச்சுன்னா பேராசிரியர் ஆயிருவேன்க்கா. எங்கம்மா கண்ணு தெரியுறப்பவே அந்த ஆர்டரைக் காட்டிறணும்" என்று ஒருநாள் சொன்னார். அவர் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இனி என் காரியம்.

ஏழாம் நம்பர் ஒரு கிடாய். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதன் தாய் இரட்டைக் குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. இரண்டும் அச்சு ஒன்றாக இருக்கும். ஒன்றை நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். இன்னொன்றை ஒக்கூரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் வளர்ந்ததுதான் ஏழு. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். டாக்டரம்மாவையும் அதற்குத் தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் போய் அவர் கோட்டுப் பையை முகர்ந்து பார்க்கும்.

மூன்றாம் வருடம் தை மாதம் என் மகளுக்குத் தலைப்பிரசவம். காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரத்தக் கொதிப்பு ஏறி, தாய்க்கும் பிள்ளைக்கும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு குலசாமியிடம் நேர்ந்தேன். "ஐயா, நெத்தி வெள்ளைக் கிடாயை உனக்கே விடுறேன். ரெண்டு உயிரையும் எனக்குக் கொடு." அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. இருப்பதிலேயே பிரியமானதைத்தானே சாமியிடம் சொல்லுவோம்? டாக்டரம்மா, தகர வில்லை, ஆராய்ச்சி எதுவும் அப்போது என் நினைப்பில் இல்லை. இரண்டு உயிரும் பிழைத்தது.

மாசி சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் சாமிக்குக் கிடாய் வெட்டுவார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் ஏழாம் நம்பர் வில்லை என் கண்ணில் உறுத்தியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லேசாகச் சொன்னார்.

"இதுக்கு ஏன் முழிக்கிற? ஒக்கூர்ல இதோட கூடப்பொறந்தது நிக்கிதுல்ல, அதைக் கொண்டுபோய் சாமிக்குக் கொடுப்போம். ஏழு இங்கிட்டே நிக்கட்டும்."

"வாயைக் கழுவுங்க. சாமிகிட்டயா ஆள் மாத்திக் காட்டச் சொல்றீக? அதுக்குத் தெரியாதா எது எதுன்னு?"

"அப்ப டாக்டரம்மாட்டச் சொல்லிரு. போன் நம்பர் எழுதிக் கொடுத்துருக்காகள்ல."

"எப்படிங்க சொல்றது? கண்ணு மாதிரி பாத்துக்கங்கன்னு கையைப் புடிச்சுச் சொன்னாகளே. வெட்டிப்புட்டோம்னா சொல்றது?"

படித்தவர், நேர்த்திக்கடன் என்று சொன்னால் என்ன நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். ஓர் ஆடு குறைந்தால் மூன்று வருட வேலையும் வீணாகப் போகும் என்று நானாக ஒரு பயம். இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரு வழி காட்டியது. சாமிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. டாக்டரம்மாவுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். சாமி கோபிக்கும், இவர் கோபிக்க மாட்டார். அப்படித்தான் நினைத்தேன்.

கோயிலில் தண்ணீர் தெளித்ததும் ஏழு உடம்பைச் சிலிர்த்து உத்தரவு கொடுத்தது. வெட்டுவதை நான் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கழுத்துக் கயிற்றை முன்னமே அவிழ்த்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தகர வில்லையைச் சோப்புப் போட்டு, அவர் கழுவுகிற மாதிரியே இரண்டு தடவை கழுவினேன். ஒக்கூரிலிருந்து தங்கச்சி கொண்டுவந்து விட்ட கிடாயின் கழுத்தில் கட்டினேன். கட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பங்குனியில் அவர் வந்தார்.

"ஏழு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கேக்கா?"

"தின்னுச்சு" என்றேன்.

"என்னைக் கண்டா வந்து மோந்து பாக்கும். இன்னைக்கு ஒதுங்கிப் போகுதே?"

"வெயிலு" என்றேன்.

இரண்டே சொல். இத்தனை வருடத்தில் நான் பேசிய சொல்லில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் இந்த இரண்டைத்தான் எடுப்பேன்.

நான் நினைத்தது, ஆட்டுக்கு ஆடு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று. வயிறு காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் ஆடுகள் கருவேல நெற்றும் சருகும் தின்றவை. ஒக்கூர்க் கிடாய் கிணற்றுத் தோட்டத்தில் அகத்தியும் கடலைக்கொடியும் கஞ்சித் தண்ணியும் கண்டது. தாய் ஒன்று, நிறம் ஒன்று, உள்ளே இருந்த குடித்தனம் வேறு.

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், அவர் சாம்பிள் எடுக்கிற நாள் இல்லாத நாளில் வந்தார். சாப்பிடவில்லை, மோரும் வேண்டாம் என்றார். ஏழாம் நம்பரைக் கட்டியிருந்த இடத்துக்குப் போய் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாசிக்கு முந்தி ஒரு வீடு, மாசிக்கு அப்புறம் வேற வீடுக்கா. இருந்த குடித்தனம் அம்புட்டும் காலி. புதுசா வேற ஆளுக வந்து உக்காந்துருக்காக. ஒரு நோயில்ல, மருந்தில்ல. ஒரு மாசத்துல எப்படி?"

நான் குனிந்து கிடாயின் முன்னால் கிடந்த தழையைக் கூட்டினேன்.

"ரெண்டே வழிதான். ஒண்ணு, ஆடு மாறியிருக்கணும். இல்லை, என் கை தப்புப் பண்ணியிருக்கணும். ஆடு மாற வழியில்ல, நீங்க இருக்கீக. அப்ப என் கைதான்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"அந்த ஒண்ணை விட்டுட்டு மத்த ஒம்பதை எழுதிற முடியாதா டாக்டரம்மா?" என்று அவர்தான் கேட்டார்.

"கல்லூரியிலயும் அதான்ணே சொல்றாக. ஏழுல என் கை கெடுத்திருந்தா, மத்த ஒம்பதுல கெடுக்கலைன்னு நான் எதை வச்சு எழுதுவேன்? ஆடு செத்துப்போச்சுன்னாக்கூட செத்துருச்சுன்னு ஒரு கோடு போட்டுட்டுப் போயிருவேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. இதுதான் எனக்கு வெளங்கலையே."

அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஏழு செத்துப்போனது என்று சொல்லியிருந்தால் ஒரு கோடு போட்டால் போதுமாம். "தண்ணி கொண்டாறேன்" என்று அடுப்படிக்குள் போனேன். பானையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. திரும்பி வந்தபோது ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன்.

அதற்கப்புறம் சொல்லவேண்டும் என்று ஒரே ஒரு தடவை போனேன். தனியாக நான் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போனதில்லை. சீப்புச்சீடை சுட்டு எடுத்துக்கொண்டேன். "தப்பு என் பேருல டாக்டரம்மா, நான் ஆட்டை மாத்திட்டேன்." இதைக் காரைக்குடி வரைக்கும் ஒருமுறை, அங்கிருந்து கல்லூரி வரைக்கும் பலமுறை மனப்பாடம் செய்தேன்.

கல்லூரியில் அவர் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மெலிந்துபோயிருந்தார். உள்ளே கூட்டிப்போனார். ஏழெட்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவுகதான் நான் சொன்ன அக்கா. இவுக கவனிப்பு இல்லைன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல" என்றார்.

எல்லாரும் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் எழுந்து நின்றது கிடையாது. ஒரு பெரிய குளிர்பெட்டியைத் திறந்தார். புகையாக வந்தது. உள்ளே தட்டுத் தட்டாகக் குழாய்கள். ஒரு தட்டை வெளியே இழுத்து, "படிங்கக்கா, உங்களுக்குப் படிக்க வரும்ல" என்றார். ஒவ்வொரு குழாயிலும் அவர் கையெழுத்தில் 'க.மா.' என்று கண்டரமாணிக்கத்துக்கு அடையாள எழுத்து, பக்கத்தில் எண். ஏழு, ஏழு, ஏழு என்று வரிசையாக இருந்தது. முன்பாதி என் பிள்ளை. பின்பாதி ஒக்கூர்க் கிடாய். இரண்டும் ஒரே பேரில் ஒரே தட்டில் உறைந்து கிடந்தன.

"இதைத்தான் திருப்பித் திருப்பிச் சோதிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க கை தவறுச்சுன்னு கண்டுபுடிச்சிட்டா மத்ததை எழுதிருவேன்" என்றார்.

அவர் கையைப் பார்த்தேன். வெடிப்பில் ரத்தம் கோடு கோடாக உறைந்திருந்தது. அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீடைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். வந்துவிட்டேன். மனப்பாடம் செய்தது அப்படியே வாயில் இருந்தது.

வீட்டுக்காரர், "சொன்னியா?" என்றார். நான் பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குள் போனதும் அவரும் விட்டுவிட்டார். பின்னால் அவர் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் தானாக, "அந்தம்மாட்டச் சொல்லியிருக்கணும்டி. நானாச்சும் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. கொரோனா வந்தது, போன் நம்பர் எழுதின தாள் எங்கேயோ போனது. மூன்று வருடம் முடிந்ததும் டாக்டரம்மா எங்கள் ஊருக்கு வருவது ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது.

போன வருடம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அந்த டிரைவர் தம்பியைப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவர்தான்.

"டாக்டரம்மா எப்படி இருக்காக?" என்று கேட்டேன்.

"ரிட்டயர்டு ஆயிட்டாகக்கா. பேராசிரியர் ஆகாமயே போயிட்டாக. அந்த ஆட்டுக் கட்டுரையைக் கடைசி வரைக்கும் எழுதவே இல்லை. அவுகளைப் பெத்த அம்மாவும் எறந்துபோச்சு."

"ஏன் தம்பி எழுதலை?"

"அந்த ஏழாம் நம்பருதான். ஆடு அதேதானான்னு சோதிச்சுப் பாருங்க, குழாயிலேயே கண்டுபுடிச்சிறலாம்னு கூட வேலை பாக்குற ஒருத்தரு சொன்னாரு. எங்கம்மாவுக்கு அம்புட்டுக் கோவம் வந்து நான் பாத்ததில்லை. 'அந்த அக்காவைச் சந்தேகப்படச் சொல்றீங்களா'ன்னு சத்தம் போட்டுட்டாக."

அவர் இன்னும் சொன்னார்.

"வருசா வருசம் புதுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு அவுகதான் எடுப்பாக. கையை விரிச்சுக் காட்டி, 'கையைச் சுத்தமா வச்சிக்கங்க, இந்தக் கை மூணு வருச வேலையைக் கெடுத்துச்சு'ன்னுதான் ஆரம்பிப்பாக. ரிட்டயர்டு ஆகுற அன்னைக்கும் அதைத்தான் சொன்னாக."

இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். வடக்கே எங்கேயோ அண்ணன் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார். ஊர் பேர் அவருக்குத் தெரியவில்லை. என் பஸ் வந்துவிட்டது.

அவரிடம் குறை என்று ஒன்று சொன்னால், தன் கையைத் தவிர வேறு எவர் கையையும் சந்தேகப்படத் தெரியாதவர். அது தெரிந்திருந்தால் ஒரு நாளில் என்னைப் பிடித்திருப்பார், பேராசிரியரும் ஆகியிருப்பார். எனக்கு வாய் இல்லை, அவருக்குச் சந்தேகம் இல்லை. நடுவில் அந்த ஆராய்ச்சி போனது. எந்தப் பிரசவத்துக்காக நேர்ந்தேனோ அதில் பிறந்த பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சாமிக்கு நான் சொன்னபடி செய்ததில் எனக்கு வருத்தமில்லை. சாமிக்குப் பயந்ததில் பாதி இந்த அம்மாவுக்குப் பயந்திருக்கலாம்.

இதைப் புத்தகமாகப் போடுகிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆவணியா புரட்டாசியா என்பது எனக்கு நிச்சயமில்லை. அழிந்துபோன எண் மூன்றா நாலா என்பதும் தப்பாக இருக்கலாம். அதையெல்லாம் எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கால்நடைக் கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 'க.மா.' என்று எழுதின தட்டு இன்னும் அந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாசிக்கு முந்தின ஏழையும் பிந்தின ஏழையும் எடுத்து, இரண்டும் ஒரே ஆடா என்று சோதியுங்கள். நான் சொல்கிறேன் என்று நம்பிவிட வேண்டாம். என்னை நம்பித்தான் அந்த அம்மா கெட்டார். நீங்களே சரிபார்த்து, கையில் தப்பில்லை என்று அவர் எங்கே இருந்தாலும் தேடிப் போய்ச் சொல்லுங்கள்.

சொன்னதும் "அப்பாடா" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாரா என்பதை மட்டும், எங்கள் ஊர் நூலகத்து விலாசத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் தினமும் அங்கேதான் இருப்பேன், ஓரத்து நாற்காலியில்.